தாய்மாமனின் காது

பெயர் சொல்லி இரண்டு முறை அழைத்தாயிற்று. ராஜபாண்டி எழுந்து வரவில்லை.

கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. முதல் முறை ஹசீனா அழைத்தபோது மனிதர் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். அந்த ஆள் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். உடனே ராஜபாண்டியின் முதுகு, காற்றுப்போன டியூப் மாதிரி, மெல்ல நாற்காலியில் சரிந்துவிட்டது. இரண்டாம் முறை அழைத்தபோது துண்டைத் தொடக்கூட இல்லை. மதுரைக்கு ஆள் அனுப்பிக் கட்டி வாங்கிவந்த மாலை, வாழையிலைப் பொட்டலமாக அவர் காலடியிலேயே கிடந்தது. மாலையோடு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு மேடையேற மனமில்லை என்றும் சொல்ல முடியாதே.

போடியில் அந்தக் கல்யாண மண்டபத்தில் அன்று மாலை வரவேற்பு. மணப்பெண் தன்ஷிகாவின் தாய்மாமன் மேடைக்கு வந்து, அவள் கழுத்தில் மாலை போட்டு, அவளோடு நாலு எட்டு ஆடி வைத்தால்தான் ஆட்டத்தரை மற்றவர்களுக்குத் திறக்கும். டிஜே வைக்கும் கல்யாணங்களில் இப்போது அந்தப் பக்கமெல்லாம் இதுதான் வழக்கம். சீர்த்தட்டு, பட்டு, கிடா என்று நீளும் மாமன் மரியாதைகளின் வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது இந்த முதல் ஆட்டம். கடைசியாக வந்ததாலோ என்னவோ, அது நடக்காவிட்டால் மற்றவை நடந்ததாகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஹசீனா தன் மேசைத் திரையைப் பார்த்தாள். கம்பத்தில் கடை வைத்திருக்கும் டிஜே அவள். திரையில் மண்டபம் ஒரு வரைபடமாகவும், விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு புள்ளியாகவும் தெரிந்தார்கள். ஒலி ஒழுங்காகப் போய்ச் சேரும் புள்ளி பச்சையாக இருக்கும். ராஜபாண்டியின் புள்ளி வெற்றிலைப் பச்சை.

மேடையிலிருந்து பெண்ணின் அம்மா பாண்டீஸ்வரி பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“ஏந் தாயி, எங்கண்ணனக் கூப்புட்டியா இல்லையா?”

“ரெண்டு தடவ கூப்புட்டேன்க்கா. அவருக்குக் கேட்டுச்சு. இந்தா பாருங்க, பச்சை.”

“பச்சையப் பாத்து நான் என்ன பண்ண? ஆளு அங்கனயே பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்காரே!”

“வேற எதுவும் கோவமாக்கா?”

“கோவமா இருந்தா எங்கண்ணன் வாசப்படியே மிதிச்சிருக்க மாட்டாரு.” பாண்டீஸ்வரி குரலைத் தணித்தார். “பல வருசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்து, இப்பத்தான் சேந்துருக்கோம். இன்னைக்கு அவரு மேடையேறலன்னா, எனக்குப் பெறந்த வீடே இல்லன்னு ஆயிரும். எங்க வீட்டுக்காரரு பக்கத்து ஆளுக அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்காக. எம் மக வேற, மாமா வராம ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டேங்குறா.”

மேடையில் தன்ஷிகா கழுத்தில் மாலை இல்லாமல், மாப்பிள்ளைப் பையனின் பக்கத்தில் நின்று, மாமன் உட்கார்ந்திருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹசீனாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் இந்த அழைப்பைப் பற்றி பாண்டீஸ்வரி முன்பதிவு செய்ய வந்த அன்றே கேட்டிருந்தார்.

அன்று கம்பத்துக் கடையில் அவர் முதலில் கேட்டது, “ஸ்பீக்கரெல்லாம் எங்கம்மா வச்சிருக்க?” என்பதுதான்.

“மண்டபத்துக் கூரை பூராம் ஸ்பீக்கர்தான்க்கா. ஒவ்வொண்ணும் சட்டைப் பொத்தான் தண்டி” என்றாள் ஹசீனா. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவளுக்குப் பசி மறந்துவிடும். “பழைய ஸ்பீக்கரு குண்டு பல்பு மாதிரி. போட்டா ரூம் பூராம் வெளிச்சம். வேணுங்கிறவனுக்கும் அடிக்கும், வேணாங்கிறவனுக்கும் அடிக்கும். இது டார்ச் லைட்டு. யாரு மேல அடிக்கிறமோ அவுகளுக்கு மட்டுந்தான். இந்தச் சேர்ல உக்காருங்க.”

பாண்டீஸ்வரி உட்கார்ந்தார். காதுக்குள் ஒரு பாட்டு பொங்கியது. எழுந்து ஓரடி நகர்ந்தார். சத்தமே இல்லை, தெருவில் போகிற ஆட்டோவின் ஓசைதான் கேட்டது. மறுபடி உட்கார்ந்தார். பாட்டு அங்கேயே காத்துக்கொண்டிருந்தது.

“ஆத்தாடி!”

“வாசல்ல சந்தனம் கல்கண்டோட ஒரு பொட்டும் குடுப்போம். தோள்பட்டைப் பக்கம் ஒட்டிக்கிட்டாப் போதும். அந்த ஆளு எங்கிட்டுப் போனாலும் டார்ச்சு பின்னாலயே போகும். அவரவருக்குப் பிடிச்ச பாட்டு அவரவர் காதுல.”

“ஆளுக்கொரு பாட்டுன்னா ஆட்டம் எப்பிடிம்மா சேரும்? ஒருத்தன் குதிப்பான், ஒருத்தன் அசைவான். கண்கொண்டு பாக்க முடியுமா?”

இந்தக் கேள்விக்காகவே ஹசீனா அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எத்தனையோ பேர் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள், யாரும் இதைக் கேட்டதில்லை.

“அதுக்குத்தான்க்கா டிஜே. பாட்டு யாரு வேணா போடலாம். எல்லாப் பாட்டோட அடியையும் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் அமுக்கி, ஒரே நேரத்துல விழ வைக்கிறதுதான் என் வேலை. பந்தியில ஒருத்தரு சாம்பாருல இருப்பாரு, ஒருத்தரு மோருக்குப் போயிருப்பாரு. ஆனா எந்திரிக்கையில சேந்துதான எந்திரிக்கிறாக? அது மாதிரி, பாட்டு வேற வேற, கால் ஒண்ணா விழும்.”

அது உண்மைதான். ஊருக்குள் சத்தத்துக்கு வரம்பு கட்டி, மண்டபங்களில் இந்தக் கூரை வந்த பிறகு, கல்யாண வீடுகளில் பாட்டுச் சண்டை என்று ஒன்று இல்லாமலே போயிற்று. மாப்பிள்ளையின் நண்பர்கள் டிஜே மேசையைச் சூழ்ந்துகொண்டு மிரட்டுவதில்லை. பெரியவர்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடுவதில்லை. ஹசீனா பார்த்த ஒரு கல்யாணத்தில் ஒரு அத்தை கந்தனைப் பற்றிய பாடல் ஒன்றுக்கு அற்புதமாகக் குத்தாட்டம் போட்டார். இன்னொன்றில் ஒரு ஏலக்காய் வியாபாரி அன்றைய ஏலவிலை நிலவரத்தைத் தாளத்தோடு கேட்டுக்கொண்டே ஆடினார்; விலை ஏறிய இடத்தில் எகிறிக் குதித்தார்.

பாண்டீஸ்வரி எழும்போது கடைசியாகக் கேட்டார். “பேரு சொல்லிக் கூப்புடுவீகள்ல? எங்கண்ணனப் பேரு சொல்லிக் கூப்புடணும்.”

“கூப்புடாமயா? மைக்க விடத் துல்லியமா, நேரா அவரு காதுக்குள்ளயே கூப்புடுவோம்க்கா” என்று ஹசீனா பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெருமைதான் இப்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்கிறது.

பெண்ணின் அப்பா மாயகிருஷ்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். “போயிக் கேட்டுட்டேன். ‘நல்லாத்தான மாப்ள உக்காந்திருக்கேன், எனக்கென்ன கொறச்சல்’ங்குறாரு. கோவமான்னா இல்லங்குறாரு. வாங்கன்னா சிரிக்கிறாரு.”

“கையப் புடிச்சுக் கூட்டியார வேண்டியதுதான?” என்றார் பாண்டீஸ்வரி.

“நல்லாச் சொன்ன. ‘ராஜபாண்டிய இழுத்துட்டுப் போனாய்ங்க’ன்னு நாளைக்கு ஊரு பேசும். ஒங்கண்ணன் அதுக்கு வீட்லயே படுத்துக் கெடந்துருப்பாரு.”

ஒருவேளை அழைத்த விதம் சரியில்லையோ என்று ஹசீனா யோசித்தாள். குரலில் கொஞ்சம் அதிகமாகப் பணிவைச் சேர்த்து, ‘மாமா’வோடு ஒரு ‘அவர்களே’யும் போட்டு மூன்றாம் முறை அழைத்தாள். ராஜபாண்டி தோள்பட்டையில் எறும்பைத் தட்டிவிடுவதுபோல் ஏதோ செய்தார். சர்பத்தைக் குடித்து முடித்து, டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தார். பிறகு மண்டபத்து விளக்குகளை எண்ணுகிறவர்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பச்சை மட்டும் மாறவே இல்லை.

இயந்திரம் சரியாக வேலை செய்கிறது, காரியம் நடக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் இயந்திரத்தைத் திருகிக்கொண்டிருப்பதில் பலனில்லை என்று ஹசீனாவுக்குத் தெரியும். காரியம் ஒழுங்காக நடந்த வேறொரு தடவையைத் தேடிப் பிடித்து, அங்கே என்ன இருந்தது, இங்கே என்ன இல்லை என்று பார்க்க வேண்டும்.

“அக்கா, பேச்சில்லாம இருந்தீகளே, கல்யாணத்துக்கு எப்பிடிக் கூப்புட்டீக?”

“அது பெரிய கூத்து. தன்ஷிகா சடங்குக்கு இவரு எங்கண்ணனுக்கு ஃபோன்ல மெசேஜ் போட்டு விட்டாரு. பூப்போட்ட படமெல்லாம் வச்சு.”

“எல்லாருக்கும் அதான போட்டேன்” என்றார் மாயகிருஷ்ணன்.

“எல்லாருக்கும் போட்டத எங்கண்ணனுக்கும் போட்டீகள்ல, அதான் வினை. அவரு வரல. அதோட முறிஞ்சுச்சு. இந்த வாட்டி நானே தாம்பூலத் தட்டோட போயி அவுக வாசல்ல நின்னேன். அண்ணேன்னேன். வீட்டுக்குள்ளதான் இருக்காரு, சன்னல்ல தலை தெரியுது. வரல. மறுக்கா அண்ணேன்னேன். வரல. எதுத்த வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. பக்கத்து வீட்டுல விளக்கப் போட்டுட்டு வந்து நின்னாக. டீக்கடையில இருந்தவுக கிளாசோட எந்திரிச்சு வந்துட்டாக. தெருவே கூடிருச்சு.” பாண்டீஸ்வரிக்குக் கண்ணீருக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. “அப்பறந்தான் வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டு வெளிய வாராரு, ‘யாரு, பாண்டீஸ்வரியா? எப்ப வந்த?’ன்னுக்கிட்டு.”

ஹசீனா அவரையே பார்த்தாள். பிறகு அங்கே, வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்த ராஜபாண்டியைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்து நாற்காலிக்காரரை.

முதல் அழைப்பு காதில் விழுந்ததும் ராஜபாண்டி அந்த ஆளிடம் ஏதோ கேட்டாரே, என்ன கேட்டிருப்பார்? ‘என்னையக் கூப்புடுறாக, கேட்டுச்சா?’ என்றுதான். அந்த ஆளின் காதில் அப்போது அவருக்குப் பிடித்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ‘எனக்கு ஒண்ணும் கேக்கலையே’ என்று உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகு ராஜபாண்டி எப்படி எழுவார்? எழுந்து மாலையைத் தூக்கிக்கொண்டு நடந்தால், மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேர் கண்ணுக்கும் அது எப்படித் தெரியும்? யாரும் கூப்பிடாமல் தானாகவே மேடையேறுகிற மாமன்.

ஹசீனாவின் மேசையில் அறிவிப்புக்கு ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. முன்பெல்லாம் வாசலை மறித்து நிற்கும் காரை நகர்த்தச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினால், பாட்டு நின்றதே என்று எல்லோருக்கும் எரிச்சல் வரும். அதனால் அறிவிப்பு யாருக்கோ அவர் காதுக்கு மட்டும் போகும்படி இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். கார்க்காரர் ரகசியமாக எழுந்து போய்க் காரை நகர்த்திவிட்டு வருவார். மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பொத்தானை அழுத்தித்தான் அவள் தாய்மாமனையும் அழைத்திருந்தாள். மூன்று முறை. கல்யாண மண்டபத்தில், ஒரு மாமனை, ரகசியமாக.

“அக்கா, நீங்க மேடைக்குப் போங்க. நான் கூப்புடுறேன். இந்தத் தடவ எல்லாரு காதுலயும்.”

மாயகிருஷ்ணன் பதறினார். “ஒரு ஆளுக்காக அம்புட்டுப் பேரு பாட்டையும் நிறுத்துவியாம்மா? சம்பந்தி வீட்டு ஆளுக மூஞ்சியத் தூக்கிருவாக.”

“நிறுத்துனாத்தாண்ணே மரியாதை. ஒங்களுக்காக எல்லாரு பாட்டும் நின்னுச்சுன்னு தெரியணும்ல?”

அவர் ராஜபாண்டி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “செய்யி” என்றார்.

ஹசீனா திரையில் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகச் சேர்த்தாள். பாட்டுகளைச் சட்டென்று அறுக்கவில்லை. அது டிஜேவுக்கு அழகில்லை. எல்லா அடிகளும் சேர்ந்து விழுகிற ஒரு நொடிக்காகக் காத்திருந்து, அந்த இடத்தில் இறக்கினாள். நாற்காலிகளில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கால்கள் ஒன்றாக நின்றன. பல காலத்துக்குப் பிறகு அந்த மண்டபத்தில் எல்லோரும் ஒரே அமைதியைக் கேட்டார்கள்.

“மணமகளின் தாய்மாமன், போடி மேலத்தெரு ராஜபாண்டி அவர்கள், மாலையுடன் மேடைக்கு வந்து முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைக்குமாறு, இரு வீட்டார் சார்பிலும் அன்போடு அழைக்கிறோம்!”

தலைகள் திரும்பின. முதலில் மேலத்தெருக்காரர்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள், கடைசியாகச் சம்பந்தி வீட்டார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரண்டியோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ராஜபாண்டி விளக்கிலிருந்து கண்ணை இறக்கினார். தன்னை மொய்க்கும் முகங்களைப் பார்த்தார். பின்னால் யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பியும் பார்த்தார்.

பக்கத்து நாற்காலிக்காரர் அவர் முழங்கையை இடித்தார். “யோவ், ஒங்களத்தான்யா! எந்திரிங்க!”

“என்னையவா?”

“பின்ன என்னையவா? நானா தாய்மாமன்?”

“இருக்கட்டும்யா. வேற யாராச்சும்…”

“எந்திரிங்கய்யா, பாட்ட நிறுத்திட்டு ஒக்காந்திருக்கோம்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா சத்தம் போட்டார்.

அவர் எழுந்தார். அவசரமில்லை. வேட்டியைச் சரிசெய்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பொட்டலத்தைப் பிரித்து மாலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, நடுவழியில் எல்லோரும் பார்க்கும்படி நடந்து வந்தார். மேடைப்படியில் பாண்டீஸ்வரி நின்றுகொண்டிருந்தார். “ஏன் அழுகுற கழுத, நான் வரமாட்டேன்னா சொன்னேன்?” என்று அவர் கேட்டது ஹசீனாவுக்கே கேட்டது, மண்டபம் அவ்வளவு அமைதி.

மாலை தன்ஷிகாவின் கழுத்தில் விழுந்ததும் ஹசீனா எல்லாப் பாட்டுகளையும் திரும்ப ஏற்றினாள். மாமனும் மருமகளும் ஆடினார்கள். நாலு எட்டு என்பது நாற்பது எட்டானது. பிறகு இரண்டு வீட்டு ஆட்களும் தரையில் இறங்கினார்கள். எங்கு பார்த்தாலும் கால்கள், எல்லாம் ஒரே நொடியில் தரையைத் தொடுகிற கால்கள். ராஜபாண்டியின் கால்கள் மட்டும் அரை அடி தாமதமாக விழுந்தன. அவர் பக்கத்தில் ஆடுகிறவர்களின் பாதங்களைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே ஆடினார். வயதாகிவிட்டது, பாவம் என்று ஹசீனா நினைத்துக்கொண்டாள்.

ஆடிக் களைத்து அவர் அவள் மேசைக்கே வந்தார்.

“நீதான் கூப்புட்ட பிள்ளையா? கம்பமா நீயி?”

“ஆமா மாமா. முதல்ல சரியாக் கூப்புடல. தப்பா எடுத்துக்காதீங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. முத ரெண்டு தடவ காதுக்குள்ள கொசு மாதிரி என்னமோ சொன்ன. கடைசியாக் கூப்புட்ட பாரு, அது கூப்பாடு!” முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “கணீர்னு விழுந்துச்சு தாயி காதுல. ஒரு வார்த்தை விடல.”

அவர் திரும்பிப் போனபோது, ஹசீனா திரையில் அவருடைய புள்ளியைத் தேடினாள். அது ஆட்டத்தரையில் இல்லை. அவர் முன்பு உட்கார்ந்திருந்த இடத்திலேயே, அசையாமல், பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் சர்பத் டம்ளர். டம்ளரின் விளிம்பில் அவர் தோளிலிருந்து பிய்த்து ஒட்டியிருந்த பொட்டு. கூரை அந்தக் காலி டம்ளருக்கு மிகுந்த மரியாதையோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

கொசு மூன்றாம் முறை ரீங்கரித்து முடிப்பதற்குள் பொட்டைப் பிய்த்துவிட்டிருக்கிறார். அந்தக் கடைசி அழைப்பு நாற்காலிக்கு அடியிலிருந்த டம்ளருக்குத்தான் போயிருக்கும்; ஒரு சொல்கூட அவர் காதில் விழுந்திருக்க முடியாது. அவர் ஆடியதும் பாட்டே இல்லாமல்தான். ஆனாலும் கணீரென்று கேட்டது என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றும் தெரிந்தது.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஹசீனா அங்கேயே நின்று யோசித்தாள். பெயர் முதலில் அவர் காதில் விழுந்தால் அவர் பாடு திண்டாட்டம். சட்டென்று எழுந்தால் காத்துக்கிடந்தவர் ஆகிவிடுவார், எழாவிட்டால் வீம்புக்காரர். பெயர் முதலில் மற்றவர்கள் காதில் விழுந்தால் அந்தத் திண்டாட்டமே இல்லை. அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இடிப்பார்கள், எழுப்புவார்கள். அவர் ‘என்னையவா’ என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் கௌரவமாக எழலாம். அழைப்பு என்பது அழைக்கப்படுகிறவருக்குச் சொல்கிற செய்தி அல்ல. அவர் முன்னால் வைத்து ஊருக்குச் சொல்கிற செய்தி.

அடுத்த வாரம் உத்தமபாளையத்தில் ஒரு நிக்காஹ் வரவேற்பு. மாப்பிள்ளையின் பெரியப்பாவை அழைக்க வேண்டியிருந்தது; எளிதில் அசையாத மனிதர் என்று பெயர் வாங்கியவர். ஹசீனா எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து, அவருடைய ஒரு புள்ளியை மட்டும் கழித்துவிட்டு அழைத்தாள். அறிவிப்பு முடிவதற்குள் அவரை இரண்டு பேர் எழுப்பிவிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவள் மேசையில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. காரை நகர்த்தச் சொல்வது, காருக்கு உரியவரின் காதுக்கு மட்டும். மேடைக்கு அழைப்பது, அழைக்கப்படுகிறவரைத் தவிர, மண்டபத்தில் இருக்கும் எல்லோர் காதுக்கும்.